வாய்க்கால் கரையில் கோழிக்குப்பை

மேல்வாய்க்காலில் கோழிப்பண்ணைக்காரர்கள் செத்த கோழிகளைக் கொட்டுகிறார்களாம். ரொட்டிக்கடைக்காரியின் மைத்துனன் பார்த்தானாம். சூய் பள்ளத்தாக்கில் எங்கள் ஊர் முழுக்க இதே பேச்சு. தண்ணீர் நாறியது மட்டும் உண்மை. அதைக் குடித்த கன்றுகளுக்கெல்லாம் கழிச்சல்.

எங்கள் நீர்பாய்ச்சி ஜூரகான் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வயல்களுக்கு முறை வைத்து மதகைத் திறந்து மூடுவது அவள் வேலை. புருஷன் போன பிறகு, ஆண்கள் முணுமுணுக்க முணுமுணுக்க எடுத்துக்கொண்டது. அதற்கு முன் ஒரு குளிர்காலம் அந்தப் பண்ணையில் கூலிக்கு இருந்தாள். "நெஞ்சுக்கறி கனத்துக் கோழி நிக்க முடியாம பொத்துனு உக்காந்துடும். வெயிலையே பாத்ததில்ல. நெடி கண்ணைக் கரிக்கும். எனக்குக் கதவு இருந்துச்சு, வந்துட்டேன்" என்பாள்.

பயந்துகொண்டே நானும் போனேன். பண்ணையிலிருந்து ஒரு குழாய்கூட வாய்க்காலுக்கு வரவில்லை. கரை நெடுக இருந்தவை எங்கள் ஊரார் குவியல்கள். உரமென்று பண்ணை இலவசமாகக் கொடுத்த கோழிக்குப்பையை ஏற்றிவந்து, அடுப்புக்கு மாட்டுச்சாணம் காயவைக்கும் அதே கரையில் போட்டிருந்தார்கள். போன வாரத்து மழை அதைக் கரைத்துத் தண்ணீரில் இறக்கியிருந்தது. ஜூரகான் ஒரு குவியலைக் கிளறினாள். உள்ளே செத்த கோழிகள், மார்பில் இறகில்லாமல்.

மதகை மூடிவிட்டாள். குப்பை போகும்வரை யாருக்கும் தண்ணீர் கிடையாது.

டிராக்டர்காரர் தொக்தோசுன் பாய்ந்து வந்தார். "உருளைக்கிழங்கு பூக்குற நேரம்! பைத்தியமா உனக்கு? எல்லாம் காஞ்சுடும்!"

"உங்க குவியல்தானே அண்ணே பெருசு?"

"சாணிதானே! எங்கப்பன் காலத்துலேருந்து இங்கதான் போடறோம்."

"புல்லு தின்ன மாட்டுச்சாணி காயும். இது காயுமா? மூக்கை வெச்சுப் பாருங்க."

"பண்ணைக்காரன் சும்மா குடுத்தான், வாங்கினோம்."

"சும்மாவா? குப்பையள்ள ஊரையே சம்பளமில்லாம பிடிச்சிருக்கான். நீங்கதான் மேஸ்திரி."

கரையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தொக்தோசுன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சரி, எங்க கொட்டச் சொல்றே?"

"வந்த இடத்துல. பண்ணை வாசல்ல."

ஊரிலிருந்த டிராக்டர் எல்லாம் ஓடியது. கடைசிக் குவியலையும் சுரண்டி ஏற்றிய பிறகு ஜூரகான் குப்பை கரைந்த முதல் தண்ணீரைத் தரிசுக்குத் திருப்பினாள். அப்புறம் வயல் பக்கத்து மதகுப்பலகையில் கை வைத்தாள். சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. பண்ணை மேலாளர்.

"எடுங்களேன் அக்கா, போலீஸுக்குப் போயிடப் போறான்" என்றேன்.

"போகட்டும். வாசல்ல கிடக்கறது யாரு கோழின்னு அங்கயும் கேப்பாங்கல்ல?"

பலகை ஒரு சாண் ஏறியது. தண்ணீர் கிழங்குப் பாத்திகளுக்குள் ஓடியது. கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது.