ஈப்போவுக்கு மூன்று பேராகப் போனோம்

என் வீட்டுக்காரர் நூர் முகம்மதுக்குக் கும்மிடிப்பூண்டி பஜாரில் கம்பி, சிமெண்டு கடை. சொந்த ஊர் பழவேற்காடு. அவருடைய வாப்பா ஏரியில் இறால் வாங்கி மெட்ராசுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். சிப்காட்டில் ஆலைகள் வர வர, ஊரெல்லாம் வீடு கட்டுகிறார்கள் என்று பார்த்து, இவர் இறாலை விட்டுவிட்டு இரும்புக்கு வந்தார். நல்ல மனுஷர். ஐந்து வேளையும் தொழுகிறவர். பீடி, சிகரெட் கிடையாது. என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. வேறொரு பெண்ணை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் சொல்லப்போவது முழுக்க வயிற்றெரிச்சல்.

எங்கள் கடைக்கு நேர் எதிரே, ரோட்டைத் தாண்டினால் பூவராகவன் கடை. அவரிடமும் அதே கம்பி, அதே சிமெண்டு. இரண்டு கடைக்கும் மாடியில் வீடு. என் வீட்டுக்காரர் அந்த ஆளின் பெயரை வாயால் சொல்லமாட்டார். ‘எதிர்க்கடை’ என்பார், அவ்வளவுதான். விடியற்காலை பள்ளிவாசலிலிருந்து வந்ததும் டீயைக்கூடத் தொடாமல் ஜன்னலைத் திறப்பார்.

“எதிர்க்கடைல அதுக்குள்ள ஷட்டர் தூக்கிட்டான்டி!”

அன்றைய நாள் அப்படி ஆரம்பிக்கும். பூவராகவன் கடைக்கு லைட் எரிகிற போர்டு வைத்தார். அந்த வாரமே எங்கள் கடைக்கும் வந்தது. அவர் டெம்போ வாங்கினார், நாங்களும் வாங்கினோம். அவர் மகள் வேனில் ஏறி இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போனதைப் பார்த்துவிட்டு எங்கள் பைசலையும் பர்ஹானாவையும் அதே வேனில் ஏற்றிவிட்டார். பெருநாளுக்கு நான் என்ன கலர் புடவை கட்டினேன் என்று கேட்டால் முழிப்பார். பூவராகவன் தீபாவளிக்கு என்ன சட்டை போட்டார் என்று கேளுங்கள், பட்டன் நிறம் வரைக்கும் சொல்வார். நான் மீன் குழம்பு ஊற்றிக்கொண்டு நிற்பேன், அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “பொன்னேரி பார்ட்டி நேத்து எதிர்க்கடைக்கு வந்துக்கிறான்” என்பார். குழம்பு நன்றாயிருக்கிறதா என்று நானாகக் கேட்டால்தான் உண்டு.

சக்களத்தி என்று ஒருத்தி இருந்தால் குடுமியைப் பிடித்துச் சண்டை போடலாம். பெரிய மீசை வைத்த ஒரு ஆம்பிளையோடு நான் எப்படிப் போட்டி போடுவது?

இந்தப் பைத்தியத்துக்குத் தீனி போட்டவன் தாவீது. சிப்காட்டில் கம்பி உருட்டும் ஒரு கம்பெனியின் விற்பனை ஆள். அந்தக் கம்பெனி வருஷா வருஷம் ஒரு ஸ்கீம் போடும். மார்ச் முடிவதற்குள் சொன்ன அளவு லோடு எடுத்த கடைக்காரருக்குப் பெண்டாட்டியோடு வெளிநாட்டுப் பயணம், எல்லாச் செலவும் கம்பெனியுடையது. தாவீது பைக்கை எங்கள் கடையில் நிறுத்தி, “எதிர்ல இன்னிக்கு ரெண்டு லோடு எறங்குது பாய்” என்று ஒரு வார்த்தை சொல்வான். பிறகு ரோட்டைத் தாண்டிப்போய் அங்கேயும் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வான். அவனுக்கு வேறு வேலையே வேண்டாம்.

2004-இல் பூவராகவன் அளவைத் தாண்டிவிட்டார். நர்மதாவைக் கூட்டிக்கொண்டு பாங்காக் போனார். திரும்பி வந்ததும் இருவரும் யானை மேல் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பெரிதாக்கிக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

“யானை மேல ஏறணும்னா பாங்காக்குதான் போணுமா? இன்னா பெரிய யானை!” என்று என்னிடம் வந்து கத்துவார். நான்தான் யானையை அனுப்பி வைத்த மாதிரி.

இரண்டு வருஷம் கழித்து இவரும் அந்த அளவைப் பிடித்துவிட்டார். எப்படிப் பிடித்தார் என்பது எனக்கல்லவா தெரியும்? விற்காத கம்பியையெல்லாம் வாங்கி அடுக்கினார். கொல்லை நிறைந்தது. மாடிப்படி ஓரம் நிறைந்தது. துணி காயப்போடும் இடத்திலும் கம்பிக் கட்டு. மழை பெய்தால் வாசலில் செங்காவி நிறத்தில் தண்ணீர் ஓடும். என் புடவைகளில் துருக்கறை படாத முந்தானை ஒன்றுகூட இல்லை. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. பயணம் இரண்டு பேருக்கு என்று தாவீது சொல்லியிருந்தான். அங்கே எதிர்க்கடை இருக்காது, ஷட்டர் இருக்காது, பொன்னேரி பார்ட்டி இருக்காது. அந்தச் சில நாளாவது இந்த மனுஷர் எனக்கே எனக்கென்று இருப்பார் என்று ஆசைப்பட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் வேறு எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

பிள்ளைகளைப் பழவேற்காட்டில் என் தங்கை ஜபீன் வீட்டில் விட்டோம். கடையை மூடிவிட்டுப் போகிறவர்கள் ‘வெளியூர் பயணம்’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிடுவார்கள். இவர் தகரத்தில், சிவப்புப் பெயிண்டில், ஷட்டர் அகலத்துக்கு எழுதி வாங்கினார்: மலேசியா சென்றுள்ளோம்.

“இத்த பாத்துட்டு வர்ற பார்ட்டியெல்லாம் அப்பிடியே ரோட்ட தாண்டிடுவாங்களேங்க” என்றேன்.

“போட்டும்டி. அவன் கல்லாவுல குந்திக்கினு பொழுதன்னிக்கும் அத்தயே படிக்கணும். எனக்கு அது போதும்.”

மலேசியா என்றால் இரட்டைக் கோபுரம் என்றுதான் கூட வந்த கடைக்காரர்களும் நாங்களும் நினைத்திருந்தோம். கோலாலம்பூரில் இறங்கியதும் பஸ்ஸில் ஏற்றினார்கள். கோபுரம் தூரத்தில் பென்சில் உயரத்துக்குத் தெரிந்து மறைந்தது. அப்போதுதான், கம்பெனி சார்பில் கூட வந்திருந்த தாவீது மைக்கைப் பிடித்து, நாம் தங்கப்போவது ஈப்போ என்று அறிவித்தான். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

“ஈப்போ எதுக்கு பேமஸு?”

“அமைதியான ஊரு பாய். மலை, குகை, காபி எல்லாம் நல்லா இருக்கும்.”

“அமைதிய வச்சிக்கினு நான் இன்னா பண்றது? ஊர்ல போய் இன்னா சொல்லுவேன்?”

எனக்கோ அந்த ஊரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. கடைத்தெருவுக்குப் பின்னாலேயே சுண்ணாம்பு மலைகள் செங்குத்தாக நிற்கின்றன. பக்கமெல்லாம் வெள்ளை, உச்சியில் மட்டும் பச்சை. ரயில்வே ஸ்டேஷனே அரண்மனை மாதிரி இருக்கிறது. பழைய கடைகளின் முன்பக்கத்தில் மேலே கூரை போட்ட நடைபாதை. மழை கொட்டினாலும் தெரு முழுக்க நனையாமல் நடக்கலாம். சாலையோரம் சிவப்பு வலைப்பைகளில் பம்ப்ளிமாஸ் பழங்கள் தொங்கின. ஒரு டீக்கடைக்காரர் என் புடவையைப் பார்த்துவிட்டு, “அக்கா, என்ன குடிக்கிறீங்க?” என்று தமிழில் கேட்டார். காபி கெட்டியாக, கொஞ்சம் கருகின வாசனையோடு அருமையாக இருந்தது. இதைச் சொல்லலாம் என்று திரும்பினால் என் வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லை. பாங்காக் பயணத்திலும் கூடப் போயிருந்த தாவீதை ஓரங்கட்டி விசாரித்துக்கொண்டிருந்தார்.

“இந்த மாரி ரயில்வே ஸ்டேஷன் பாங்காக்ல கீதா?”

“அங்க இதவிடப் பெருசு பாய்.”

“இந்த மாரி மலை?”

“மலை இல்ல. ஆனா பெரிய ஆறு இருக்குது.”

பொய் சொல்லியே சம்பளம் வாங்குகிற அந்தத் தாவீதுக்கு அங்கே போய்த்தான் உண்மை பேசத் தோன்றியது. ஒவ்வொரு பதிலுக்கும் இவர் முகம் தொங்கியது. ஓட்டல் அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகத் திரையை விலக்கி எதிரே பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் சாயங்காலம் போன் கார்டு வாங்கினோம், பிள்ளைகளோடு பேசுவதற்கு. பூத்துக்குள் முதலில் அவர்தான் போனார். கண்ணாடிக்கு வெளியே நான் காத்து நின்றேன்.

“ஹலோ, ரேட்டு எதுனா ஏறிச்சா? இல்ல, இங்கருந்து கேக்கறேன்... மலேசியாலருந்து. ஆமா, மலேசியா. லைன் கிளியரா கீதா? நேர்ல பேசற மாரியே கேக்குதா?”

எதிர்க்கடைக்குப் போன் போட்டுக் கம்பி ரேட்டு கேட்டதிலேயே கார்டு தீர்ந்துபோனது. “கட் ஆயிடிச்சிடி, நாளைக்கு பேசலாம்” என்று வெளியே வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் முகம் அப்படி இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

கடைசி நாள் ஒரு குகைக்குக் கூட்டிப்போனார்கள். மலையின் வயிற்றுக்குள்ளேயே நடந்து மறுபக்கம் வெளியே வந்தால் ஒரு குளம், சுற்றிலும் மலை, புல்தரை. மற்றவர்கள் போட்டோ எடுக்கப் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் தண்ணீர் ஓரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். இவர் தாவீதைக் கூப்பிடவில்லை. எதையும் விசாரிக்கவில்லை. என் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பம்ப்ளிமாஸை உரித்து, சுளையின் தோலையும் எடுத்து, ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தார். மலை தலைகீழாகத் தண்ணீரில் தெரிந்தது. காற்று சில்லென்று இருந்தது.

“இன்னா ஊருடி இது” என்றார் மெல்ல. “பாக்க கண்ணு போதல.”

இத்தனை துருக்கறையும் இந்த ஒரு வார்த்தைக்குத் தகும் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“ஆரிபா.”

“சொல்லுங்க.”

“இத்த அவன் பாக்கணும்டி.”

யார் என்று தெரிந்தும் கேட்டேன். “எவன்?”

“பூவராகவன்” என்றார்.

நிக்காஹ் ஆன நாளிலிருந்து அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான். அதுவும் எவ்வளவு பதமாகச் சொன்னார்! என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கையிலிருந்த சுளையை அப்படியே குளத்தில் வீசினேன். மீனுக்குப் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு சுளையை உரித்துக் கொடுத்தார். மெட்ராஸ் வந்து இறங்கும்வரை நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் பஜாரில் எல்லோரும் வந்து கேட்டார்கள். பூவராகவன் மட்டும் வரவில்லை. இவர் கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி ஈப்போ மலையைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் யாரும் நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. உள்ளூர எனக்கு அதில் ஒரு திருப்தி. பாருங்கள், நீங்கள்தான் அந்த ஆளை நினைத்து உருகுகிறீர்கள், அந்த ஆள் உங்களைச் சட்டைகூடச் செய்யவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் ஆம்பிளைகள் கடையில் இருக்கும்போது நர்மதா வந்தாள். எதிரெதிர் கடை என்றாலும் எங்களுக்குள் போக்குவரத்து உண்டு, கருவேப்பிலை, தோசை மாவு என்று. அவளுக்கென்று வாங்கி வந்த காபித்தூளைக் கொடுத்தேன். ஊர் எப்படி என்று கேட்டாள். அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், போன் கார்டு, குளத்தங்கரை, அந்தப் பெயர் உட்பட. என் வீட்டுக்காரரைப் பைத்தியம் என்று அவளும் சேர்ந்து திட்டினால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

நர்மதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அக்கா, பாங்காக்ல நாங்க போட்ல போய்க்கினு இருந்தோம். நான் அன்னிக்கின்னே எடுத்த புதுப் பொடவ கட்டிக்கினு இருந்தேன். ‘எப்டி கீது’ன்னு கேட்டேன். பொடவயத்தான் கேக்கறேன். ஆத்த பாத்துக்கினே இன்னா சொன்னாரு தெரியுமா? ‘பாயி கூட வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்’ங்கறாரு.”

நான் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

“இப்ப நீங்க போனீங்களே, ஒங்க பார்ட்டியெல்லாம் எங்க கடைக்குத்தான் வந்தாங்க. செம வியாபாரம். ஆனா இந்தாளு மூஞ்சில ஈயாடல. நாளெல்லாம் அந்தத் தகரத்தயே பாத்துக்கினு குந்தியிருந்தாரு. சரியா துன்றதுகூட இல்ல. அன்னிக்கு பாயி போன் பண்ணாரு பாரு, அப்பறந்தான் ரெண்டாவது தபா சோறு போட்டுக்கினாரு.”

“இப்ப ஏன் வந்து ஒரு வார்த்த கேக்கல?” என்றேன்.

“கேட்டா தோத்துட்ட மாரி ஆயிடுமாம். அதுக்குத்தான் என்ன அனுப்பிச்சாரு. போய் எல்லாத்தயும் கேட்டுக்கினு வா, மலை எவ்ளோ ஒசரம்னு மறக்காம கேளுன்னு.”

எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது. இவருக்கு மட்டும் பிடித்த பைத்தியம் என்றுதான் இத்தனை வருஷமும் பொறுத்துக்கொண்டிருந்தேன். ஒருபக்கமாக இருந்தால் என்றைக்காவது தெளியும் என்று நம்பலாம். அந்தப் பக்கமும் இதே கதை என்று தெரிந்த பிறகு நான் எதை நம்பிக் காத்திருப்பது?

கீழே தாவீதின் பைக் சத்தம் கேட்டது. அடுத்த ஸ்கீமோடு வந்துவிட்டான் போலிருக்கிறது. நர்மதாவுக்கும் கேட்டது.

“பேசாம அடுத்த தபா அவுங்க ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்பிச்சி உட்டுடலாம்க்கா” என்றாள்.

“அனுப்பினா ரெண்டு பேரும் திரும்பி வரமாட்டாங்க நர்மதா” என்றேன்.

அவள் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.