லட்சுமிநாராயணனின் தொண்டை

விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போனவர்களுக்கு லட்சுமிநாராயணனின் முகம் நினைவிருக்காது, குரல் நினைவிருக்கும். இருபத்தாறு வருடமாக ஒரே புடவைக்கடையின் வாசற்படியில் நின்று ஆள் கூப்பிடுவதுதான் அவர் வேலை. நடையைப் பார்த்தே ஊரைக் கண்டுபிடித்துவிடுவார். "திருமங்கலத்து அக்கா, பஸ்ஸு நிறைய இருக்கு, உள்ள வாங்க" என்பார். அந்த அக்கா நிஜமாகவே திருமங்கலம் என்பதால் திடுக்கிட்டு நிற்பார். நின்றால் போதும், மிச்சத்தைக் கால் பார்த்துக்கொள்ளும்.

உலகத்தில் அவருக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு: "பார்த்துட்டு வாரோம்." அப்படிச் சொல்லிப் படியிறங்கியவர்களில் திரும்பி வந்தவர்கள் யார் யார் என்று இன்றைக்கும் அடையாளம் சொல்வார். அவ்வளவு கொஞ்சப் பேர்.

ஆடித் தள்ளுபடி முடிந்த வாரம் அந்தக் குரல் கரகரத்து, கீச்சிட்டு, கடைசியில் வெறும் காற்றாகிவிட்டது. தொண்டை டாக்டர் ஜெஸி குழாய் விட்டுப் பார்த்தார். குரல்நாணில் சின்னதாக ஒரு சதை வளர்ந்திருக்கிறது, பயப்படும்படியானது இல்லை, பத்து நாள் வாயே திறக்காமல் இருந்துவிட்டு வாருங்கள் என்றார். கிசுகிசுக்கவும் கூடாதாம்.

அங்கேதான் சிக்கல். அவருக்குப் பதிலாகப் பேச வீட்டில் ஆளுக்கா பஞ்சம்?

பத்தாம் நாள் மனைவி நாகமணி ஒரு பக்கம், மச்சினன் ஹரிஷ்குமார் ஒரு பக்கம், நடுவில் லட்சுமிநாராயணன். எப்படி இருக்கு என்று டாக்டர் அவரைப் பார்த்துக் கேட்டார். "நல்லாருக்கு டாக்டர்" என்றார் ஹரிஷ்குமார். தூங்குறீங்களா என்று கேட்டார். "எங்க தூங்குறாரு" என்றார் நாகமணி. மூன்றாவது கேள்விக்குள் டாக்டரின் நாற்காலி தன்னையறியாமல் அந்த இருவர் பக்கம் திரும்பிவிட்டது.

ஹரிஷ்குமாருக்குக் கப்பலூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. மிஷினில் எது கோளாறோ அதைக் கழற்றிப் போட்டுவிட வேண்டும் என்பது அவர் கொள்கை; உடனே ஆபரேஷன் என்றார். தொண்டையில் கத்தியா, சித்தரத்தையும் தேனும் இருக்கும்போது என்றார் நாகமணி. சண்டை முற்றியதும் அக்காவும் தம்பியும் வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழிக்கு மாறிவிட்டார்கள். டாக்டர் ஒன்றும் புரியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் தம்பி ஜெயித்தார். டாக்டர் ஆபரேஷன் சம்மதப் படிவத்தை நகர்த்த, ஹரிஷ்குமார் பேனா மூடியைத் திறந்தார்.

லட்சுமிநாராயணனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு சுங்குடிப் புடவைக்கே பிரித்துப் பார்க்கிறார்கள், வெளிச்சத்தில் பிடிக்கிறார்கள், வேறு கலர் எடுத்துப் போடச் சொல்கிறார்கள். அவர் தொண்டையைப் பிரிக்காமலே பையில் போட்டுக் கட்டுகிறார்களே.

படிவத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, கடையில் விரிக்கிற அதே வீச்சில் மேஜையின் இடப்பக்கம் விரித்தார். நாகமணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கைக்குட்டையைப் பிடுங்கி வலப்பக்கம் விரித்தார். துண்டைக் காட்டி விரலால் கத்தரித்தார். கைக்குட்டையைக் காட்டி, கத்தரி வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிறகு ஒரு காகிதத்தில் எழுதினார்: 'ரெண்டையும் பிரிச்சுக் காட்டுங்க.'

டாக்டர் சிரித்தார். நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

துண்டு என்றால் ஒரே நாளில் ஆபரேஷன், இரண்டு வாரம் மௌனம். கைக்குட்டை என்றால் மூன்று மாதம் குரல் பயிற்சி. சதை சின்னதாக இருப்பதால் கரையலாம், கரையாமலும் போகலாம், கரையாவிட்டால் அப்புறம் துண்டுதான். எதை எடுத்தாலும் இந்தத் தீபாவளிக்குக் கடை வாசலில் கத்த முடியாது.

கடைசிச் செய்தி லட்சுமிநாராயணனின் முகத்தில் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு துண்டைத் தொட்டுக் காட்டி எழுதினார்: 'சாயம் போகுமா?'

"மாமா, விளையாடாதீங்க" என்றார் ஹரிஷ்குமார்.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. "பெரும்பாலும் போகாது. ஆனா உசத்திக் கூப்பிடுறீங்கள்ல, அந்த இடத்துல குரல் கொஞ்சம் மாறலாம். மாறாதுன்னு நான் எழுதித் தர முடியாது."

"இத நீ கேக்கவே இல்லையேடா" என்று நாகமணி தம்பியைப் பார்த்தார்.

இப்போ என்ன சொல்றீங்க என்று டாக்டர் லட்சுமிநாராயணனையே கேட்டார். அவர் வெகுநேரம் யோசித்து ஒரே வரி எழுதி நீட்டினார். டாக்டர் அதைச் சத்தமாகப் படித்தார்: "பார்த்துட்டு வாரோம்."

நாகமணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வருவீங்கல்ல?" என்றார் டாக்டர். லட்சுமிநாராயணன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினார்.

அடுத்த புதன்கிழமை டோக்கன் கொடுக்க ஆள் வரும் முன்பே வந்து நின்றார். முறை வந்ததும், துவைத்து மடித்த கைக்குட்டையை மட்டும் மேஜையில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்தார். ஹரிஷ்குமார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

நாகமணி தம்பியைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.