பொத்தானை அமுக்கியவன்

என் மகள் எகிப்து கடவுள்களைப் பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. சனிக்கிழமை காலை, எங்கள் சான்ட்ரிங்ஹாம் வீட்டில், என்னையும் அம்மாவையும் சோபாவில் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள். அவள் பேசிய ஆங்கிலம் அம்மாவுக்குப் புரியாது. மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

சேத் என்ற தம்பிக்காரன், அரசனாக இருந்த அண்ணன் ஓசிரிஸைக் கொன்று, உடலைத் துண்டுதுண்டாக வெட்டி வீசினான். எல்லாம் வயிற்றெரிச்சல். அம்மா முகத்தைச் சுளித்து, "சாமியாடா இதுங்க?" என்றாள். எனக்கென்னவோ சேத்தின் மேல் இரக்கம்தான் வந்தது. முதலில் பிறந்ததைத் தவிர அந்த அண்ணன் என்ன கிழித்துவிட்டான்?

என் அண்ணன் இதே நகரத்தில், கிளென் ஈடனில் இருக்கிறான். அப்பா கடைசி ஆறு வருடம் என் வீட்டில் இருந்தார். குளிப்பாட்டியது நான். ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு அலைந்தது நான். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வருவான், அதுவும் தாமதமாக. அப்பா காலையிலேயே நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். அவனைக் கண்டதும் அவர் முகம் மலரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் அப்பா இறந்தார். அப்பாவுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், அம்மாவுக்கு இளையவன். அதுதான் எங்கள் வழக்கம். இந்த நாட்டுத் தகன மண்டபத்தில் கொள்ளிக்குப் பதில் சுவரில் ஒரு பொத்தான். அமுக்கினால் பெட்டி உலைக்குள் போகும். அன்று மோட்டார்வேயில் ஏதோ விபத்து. நெரிசலில் மாட்டிக்கொண்ட அண்ணன், "பத்து நிமிஷம்டா, வந்துடறேன்" என்று போனில் கெஞ்சினான். இருபது நிமிடம் வரை காத்திருக்கலாம் என்று அங்கிருந்த வெள்ளைக்கார ஊழியர் பணிவாகவே சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நானே அமுக்கினேன். அவர்கள் காத்திருக்க ஒப்புக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தபோது கதவு மூடியிருந்தது.

பெற்ற தகப்பனுக்கு நேரத்துக்கு வராதவன் என்று அம்மா அவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவன் அழைத்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். பத்து மாதம் இப்படியே போயிற்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

மகள் தொடர்ந்தாள். அரியணை யாருக்கு, செத்தவனின் மகன் ஹோரஸுக்கா, சேத்துக்கா என்று கடவுள்களின் சபையில் வருடக்கணக்கில் வழக்கு. ஓசிரிஸின் மனைவி ஐசிஸ் வேஷம் மாறிப் போய் சேத்திடம் அழுதாள்: புருஷன் செத்துவிட்டான், எவனோ வந்து என் மகனின் மாடுகளைப் பிடுங்கப் பார்க்கிறான். மகன் இருக்கும்போது இன்னொருவன் எடுப்பதாவது என்று சேத் கொதித்தான். உன் வாயாலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாய் என்றாள் ஐசிஸ். இதையும் நான்தான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

'மகன் இருக்கும்போது' என்பதை அம்மா ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "மூத்தவன் வந்துட்டே இருக்கான்னு தெரிஞ்சும் அந்த வெள்ளைக்காரன் பத்து நிமிஷம் பொறுக்கலையே. நான் போய் பெரியவனைக் கரிச்சுக் கொட்டிட்டு இருக்கேன். பாவம்டா அவன். ஒரு போன் போட்டுக் குடு" என்றாள்.

அந்தப் 'பாவம்' எனக்குப் பொறுக்கவில்லை.

"உன் பெரிய பிள்ளைக்காக எல்லாரும் எவ்வளவு நேரம்தான் காத்துக் கிடக்கிறது? அந்த ஆளு இருபது நிமிஷம் பொறுக்கறேன்னுதான் சொன்னான். நான்தான் வேணாம்னேன்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. மகள் கையிலிருந்த தாளை மடித்தாள். அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போனை எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தானே எண்ணை அழுத்தினாள். அண்ணன் உடனே எடுத்தான்.

"சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் அவன் அழுதிருக்க வேண்டும். "அழாதப்பா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவனிடம் சொன்னாள்.

"நான் போனா எனக்கும் நீயே அந்தப் பட்டனை அமுக்கிடுப்பா. சின்னவன் வேணாம்."