முகமில்லாத குரல்

கிருஷ்ணப்பிரியாவின் இடது காது ஒரே நாளில் போய்விடவில்லை. திருமழிசைத் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் அவள் சேர்ந்தபோது இரண்டு காதும் நன்றாகத்தான் இருந்தன. தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரங்கள் இடி மாதிரி விழுந்துகொண்டே இருக்கும் இடம் அது. காதில் செருகிக்கொள்ள அடைப்பான் கொடுத்திருந்தார்கள். வெயில் நாளில் அது அரிக்கும். எல்லோரும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்கள், அவளும் போட்டுக்கொண்டாள்.

அங்கே யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. கை ஜாடை காட்டுவார்கள், வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். அவளுடைய குறை வெளியே தெரியாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். நசரத்பேட்டை வீட்டில் கணவன் சம்பத்துக்கு மட்டும் தெரியும்.

"வெளிய மூச்சு வுடாத. காது கேக்கலன்னு தெரிஞ்சா மறுநாளே ஊட்டுக்கு அனுப்பிடுவானுங்க," என்று சொல்லியிருந்தான்.

மூன்றாவது ஆள் ஒருவருக்கும் தெரியாமல் அப்படியே ஓடியிருக்கும். ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். அவர்கள் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லக்கூடிய ஒருவரை, இயந்திர வரிசையை மேற்பார்க்கும் லைன் லீடராகப் போடலாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. விருப்பமுள்ளவர்களுக்குச் சனிக்கிழமை மதியம் கேன்டீனில் வகுப்பு, கடைசியில் ஒரு தேர்வு. பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் நல்ல மார்க் வாங்கியவள் கிருஷ்ணப்பிரியா. யோசிக்காமல் பெயர் கொடுத்துவிட்டாள்.

பாடம் எடுக்க ஆவடியிலிருந்து மைதிலி வந்தாள். அவள் இலக்கணத்தில் ஆரம்பிக்கவில்லை. உலக சாதனைகளில் ஆரம்பித்தாள். நகத்தை வெட்டாமலே வளர்த்தவர், பின்பக்கமாக ஓடியவர், தலையில் கண்ணாடி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு நடந்தவர். ஒரு ஸ்பீக்கரில் அவர்களைப் பற்றிய ஆங்கிலப் பேச்சை ஓடவிடுவாள், பிறகு கேள்வி கேட்பாள். எல்லோருக்கும் பிடித்துப்போனது. 'அட்டெம்ப்ட்' என்றால் முயற்சி, 'பிரேக் எ ரெக்கார்ட்' என்றால் பழைய சாதனையை முறியடிப்பது என்று லைனில்கூடச் சொல்லிச் சிரித்தார்கள்.

கிருஷ்ணப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்பீக்கருக்கு முகம் இல்லை, வாய் இல்லை. எதைப் பார்த்துப் புரிந்துகொள்வது? வலது காதும் கொஞ்சம் மந்தமாகியிருந்தது; அதைத் திருப்பித் திருப்பி வைத்தும் வார்த்தைகள் பாதியில் அறுந்தன.

"எல்லா வார்த்தையும் கேக்கணும்னு இல்லைங்க," என்றாள் மைதிலி, பொதுவாக எல்லோரிடமும். "இணைக்கிற வார்த்தையப் புடிச்சுக்கோங்க. 'ஹவெவர்' வந்தா கதை திரும்பப் போகுது. 'பிகாஸ்' வந்தா காரணம் வரப்போகுது. 'ஆல்தோ' வந்தா ஒரு தடை இருக்கு, அதைத் தாண்டி ஏதோ நடந்திருக்குன்னு அர்த்தம்."

கிருஷ்ணப்பிரியா அந்த வார்த்தைகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இரவல் ஊன்றுகோலைப் போல அவற்றை வைத்துக்கொண்டு, கேட்காத இடங்களை ஊகித்து நிரப்பினாள். வகுப்புக்குச் சீக்கிரமே வந்து, ஸ்பீக்கர் வலப்பக்கம் இருக்கும்படியான நாற்காலியைப் பிடித்துவிடுவாள். சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கைகூட வந்தது.

தேர்வுக்கு முந்தைய வாரம், வெட்டிய தகடுகள் நிறைந்த தொட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு அவள் வண்டிப் பாதையைக் குறிக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். திடீரென்று தோளருகில் காற்று அடித்த மாதிரி இருந்தது. திரும்பினாள். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரும்புக் கைகள் அவள் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தன. அதை ஓட்டிவந்த துலுக்கானத்தின் முகத்தில் ரத்தமே இல்லை.

இறங்கி வந்து, அவளைச் சத்தம் குறைந்த ஓரத்துக்குக் கூட்டிப்போய் முகத்துக்கு நேராக நின்று கேட்டார். "இன்னாம்மா, அந்தக் கோடியிலேர்ந்து ஹாரன் அடிச்சிகினே வரேன். காதுல வுழலியா?"

"ஏதோ யோசனைல இருந்துட்டேன்ணா."

"யோசனையா? போன மாசமும் கேன்டீன்ல இட்து பக்கமா கூப்டேன், நீ திரும்பல. நான் பாத்துகினுதான் கீறேன்."

அவள் கையுறையைக் கழற்றி மறுபடியும் மாட்டினாள்.

"சனிக்கெழமைக்குள்ள நீயே மேனேஜராண்ட சொல்லிடு. இல்லாங்காட்டி நான் சொல்வேன். உன் பொழப்பக் கெடுக்கறதுக்கு இல்லம்மா. என் வண்டில நீ அடிபட்டா நான் எப்படித் தூங்குவேன்?"

அன்று இரவு சம்பத்திடம் சொன்னாள். அவன் துலுக்கானத்தைத் திட்டினான். பிறகு குரலை இறக்கி, "டெஸ்ட்டு முடியட்டும். லீடராயிட்டா மெஷினாண்ட நிக்க வேணாம்ல. அப்பால யாருக்கு இன்னா தெரிஞ்சா இன்னா?" என்றான். அதுவும் சரி என்றுதான் பட்டது. ஆனால் அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. லைனில் நிற்கும்போது நிமிடத்துக்கொரு தரம் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது.

தேர்வு நாளான சனிக்கிழமை, கேன்டீனுக்குள் நுழைந்ததுமே தன் வழக்கமான நாற்காலியைத் தேடினாள். நாற்காலிகளை மாற்றிப் போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருந்தார்கள். அவள் பெயர் இருந்த இடத்தில் ஸ்பீக்கர் நேர் இடது பக்கம். மேனேஜர் ரவிச்சந்திரன் மைதிலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கதவோரம் டீ டம்ளருடன் துலுக்கானம்.

குரல் ஓட ஆரம்பித்தது. கடலில் நீந்திச் சாதனை செய்யப் போன யாரோ ஒரு பெண்ணைப் பற்றியது என்பது வரைக்கும் புரிந்தது. மற்றதெல்லாம் தண்ணீருக்கடியில் பேசுகிற மாதிரி இருந்தது. ஒரு 'ஹவெவர்' கேட்டது. கதை திரும்பிவிட்டது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஒரு 'பிகாஸ்' வந்தது. காரணம் கேட்கவில்லை. அவள் பேனா ஏதோ எழுதியது. பக்கத்தில், அவளோடு லைனில் வேலை செய்யும் ராகேஷ் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தான்.

அடுத்தது பேசுவது. தெரிந்த ஒரு சாதனையைப் பற்றி, இணைப்பு வார்த்தைகளைப் போட்டுச் சொல்ல வேண்டும். நகம் வளர்த்தவரைப் பற்றி அவள் மனப்பாடமாகத் தயார் செய்து வைத்திருந்தாள்.

பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து முன்னால் போனாள். கதவருகில் துலுக்கானம் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் மிரட்டுகிற மாதிரிப் பார்க்கவில்லை. பயந்த மாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வையில், மனப்பாடம் செய்ததெல்லாம் தலையிலிருந்து வழிந்துபோனது.

"ஆல்தோ..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். "ஆல்தோ மை லெஃப்ட் இயர் இஸ் நாட் ஹியரிங், ஐ ஒர்க் இன் பிரஸ் லைன்."

மைதிலி பேனாவை நிறுத்தினாள்.

"நோபடி நோஸ், பிகாஸ் ஐ ஹைட் இட்." கிருஷ்ணப்பிரியா புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். "ஹவெவர், லாஸ்ட் வீக், ஃபோர்க்லிஃப்ட் கேம். ஐ டிட் நாட் ஹியர். தேர்ஃபோர், ஐ ஆம் டெல்லிங் நவ்."

மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

ரவிச்சந்திரன் தமிழில் கேட்டார். "எத்தனை நாளா இப்படி?"

"தெரியலை சார். கொஞ்சம் கொஞ்சமா போச்சு."

"இதைச் சொல்லாம மெஷின்ல நின்னிருக்கீங்க. என்ன ஆகியிருக்கும்னு தெரியுமா?" அவர் குரல் உயர்ந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, அடங்கிவிட்டார். "திங்கக்கிழமை லைனுக்குப் போகாதீங்க. நேரா என்னை வந்து பாருங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமையை அவள் எப்படிக் கழித்தாள் என்று அவளுக்கே தெரியாது. சம்பத் டீக்கடைக்குப் போவதும் வருவதுமாக இருந்தான். வேலை போய்விட்டது என்றே இருவரும் நினைத்தார்கள்.

வேலை போகவில்லை. பூந்தமல்லியில் ஒரு காது மருத்துவரிடம் அனுப்பினார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சம்பத்தும் கூட வந்தான். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். மைதிலிதான் அவளுக்காக விடாமல் ரவிச்சந்திரனிடம் பேசியிருக்கிறாள். பிரஸ் ஷாப்பில் உள்ள எல்லோருக்கும் காதுப் பரிசோதனை நடந்தது. இன்னும் சிலருக்குக் கேட்கும் திறன் குறைந்திருப்பது தெரிந்தது. அதில் துலுக்கானமும் ஒருவர். காதை முழுக்க மூடுகிற கவசம் வந்தது. அதைக் கழற்றினால் லைனில் நிற்க விடமாட்டார்கள்.

லீடர் பதவி ராகேஷுக்குப் போனது. கிருஷ்ணப்பிரியாவை, உதிரிபாகங்களின் தரம் பார்க்கும் சத்தமில்லாத சோதனை அறைக்கு மாற்றினார்கள். அவளுக்கு அதில் வருத்தம் இருந்தது. இல்லை என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை. வகுப்பை மட்டும் விடவில்லை.

சென்ற மாதம் ஒரு வெளிநாட்டு அதிகாரி சோதனை அறைக்கு வந்தார். ராகேஷ் அன்று விடுப்பு. அதிகாரி அவளுடைய இடப்பக்கம் நின்றுகொண்டு ஏதோ கேட்டார். அவள் தலையாட்டிச் சமாளிக்கவில்லை.

"சார், ப்ளீஸ் ஸ்பீக் ஆன் திஸ் சைடு," என்று வலது பக்கத்தைக் காட்டினாள்.

அவர் சுற்றிக்கொண்டு வந்து, கேட்டதையே மறுபடியும் மெதுவாகக் கேட்டார்.