உள்ளே ஒருவர்

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் போன மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, ஆம்பூரில் ஒரு தோல் ஃபேக்டரிக்குள் எனக்கு நடந்தது இது. ராத்திரிகூட இல்லை. பட்டப்பகல். பேய் வர இருட்ட வேண்டும் என்று யார் சொன்னார்களோ, அவர்களை அந்த அறையில் ஒரு மணி நேரம் உட்கார வைக்க வேண்டும்.

என் பெயர் அக்சா. காட்பாடியில் ஒரு சின்ன கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். பேய் பிசாசுக்கெல்லாம் பயந்தவள் இல்லை. கஸ்டமர் போன் வந்தால்தான் எனக்குப் பயம்.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்படி ஒரு போன் வந்தது. ஹஃப்ஸா. அந்த ஃபேக்டரியில் அட்டெண்டன்ஸ் பார்க்கிற பெண்.

"அக்கா, கரண்ட் போய்ட்டு வந்ததுலேர்ந்து அட்டெண்டன்ஸ் பேஜ் எந்த கம்ப்யூட்டர்லயும் வர்ல. கதவுங்களும் அதுல தான் ஓடுது. சனிக்கிழம ஆடிட் வேற. நாளைக்கி வந்து பாத்துடுங்க கா."

அங்கே பல ஃபேக்டரிகளுக்கு வெள்ளிதான் வார லீவு. ஆள் இல்லாத நேரத்தில் வேலை பார்ப்பது எங்களுக்கும் வசதி. ஒத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். அந்த ஃபேக்டரியில் விரல் வைத்துத்தான் உள்ளே போக வேண்டும், விரல் வைத்துத்தான் வெளியே வர வேண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்று கணக்கு வைப்பது ஒரு வெப் சர்வர். அந்த சர்வர் ஓடுவது ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள். அதாவது, நிஜமான ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாலேயே உருவாக்கிய இன்னொரு கம்ப்யூட்டர். வீட்டுக்குள் இன்னொரு அறை கட்டிய மாதிரி. அந்த அறைக்குச் சரியாகக் கதவு வைக்காவிட்டால், உள்ளே எல்லாம் நன்றாக ஓடும். வெளியிலிருந்து ஒருவரும் அதை எட்ட முடியாது.

கேட்டில் வாட்ச்மேன் அப்துல் ஹமீத் பாய் மட்டும் இருந்தார். வெளியாட்கள் பையை கேட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். தோல் திருட்டு பயம். பையை மேஜைமேல் வைத்தேன். வீசிங் வந்தால் இழுக்கிற என் பஃப் அதற்குள்தான் இருந்தது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

"நானும் விரல் வெக்கணுமா பாய்?"

"லீவு நாள்ல இன்னாத்துக்குமா? உன் பேர மெஷின்ல ஏத்தணும், அது ஒரு பேஜாரு. வா வா, ஜும்மாவுக்கு நேரமாவுது."

ஷெட்டின் கடைசியில் இருந்தது சர்வர் அறை. முன்பு கெமிக்கல் ஸ்டோராக இருந்த அறையாம். ஜன்னல் இல்லை. சுவர் முழுக்கத் தகடு அடித்திருந்தது. இரும்புக் கதவு. பாய் வெளியிலிருந்து சாவி போட்டுத் திறந்துவிட்டார்.

"நமாஸ் முடிஞ்சதும் வந்துர்றேன். கதவ மட்டும் சாத்திக்காத."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் நிற்கவில்லை. வெளியே மார்ச் மாத வெயில், உள்ளே ஏசி. கதவைத் திறந்துபோட்டு ஏசி ஓட்ட எனக்கு மனசு வராது. சாத்தினேன்.

டொக். காந்தப் பூட்டு பிடித்துக்கொண்டது.

அப்போது கதவின் உள்பக்கம், 3 என்று எண் ஒட்டியிருந்த கைரேகை மெஷின் பேசியது.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்."

அந்தப் பெண்குரல் உங்களுக்கும் தெரிந்திருக்கும். ரேகை சரியாக விழாவிட்டால் எல்லா ஆபீஸ் மெஷினும் சொல்வதுதான். கதவு அதிர்ந்ததில் உளறுகிறது என்று நினைத்தேன். சும்மா என் விரலையும் வைத்துப் பார்த்தேன்.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்."

சரிதான். என் பேர்தான் அதில் இல்லையே. உள்பக்கம் சாவித் துவாரமும் இல்லை. போனில் சிக்னல் இல்லை. தகட்டுக்குள் எப்படி இருக்கும்? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். பாய் வரட்டும் என்று வேலையில் உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டரில் மணி 12:58.

விர்ச்சுவல் மெஷினுக்குள் போய் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். திறந்தது. நிஜ கம்ப்யூட்டரிலிருந்து திறந்தேன். வரவில்லை. ஆக, சர்வர் ஓடுகிறது, ஆனால் வெளியே யாருக்கும் தெரியவில்லை. காரணமும் சீக்கிரமே தெரிந்தது. யாரோ பழைய பேக்கப்பை எடுத்துப் போட்டிருந்தார்கள். மெஷினின் நெட்வொர்க், ஃபேக்டரி நெட்வொர்க்கோடு ஒட்டாமல் தனியாகத் துண்டித்துக் கிடந்தது. அதோடு, சர்வர் தனக்குள்ளிருந்து வருகிற அழைப்பை மட்டும் கேட்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் காதில் வாங்காது.

பக்கத்தின் மேல் மூலையில் பெரிதாக ஓர் எண்.

உள்ளே இருப்பவர்கள்: 1.

பரவாயில்லை, என்னைக் கணக்கில் வைத்திருக்கிறதே என்று சிரித்துக்கொண்டேன்.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்."

திரும்பிப் பார்த்தேன். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. அதன் பக்கத்தில் யாரும் இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். விரல் வைக்கும் கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. தொட்டேன். ஈரச் சுண்ணாம்பு. துப்பட்டாவால் நன்றாகத் துடைத்துவிட்டு வந்தேன்.

உட்காரக்கூட இல்லை.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்."

மறுபடியும் சுண்ணாம்பு.

மணி 1:34. கரண்ட் போனது. ஏசி நின்றது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. பீப்... பீப்... கம்ப்யூட்டரும், நெட்வொர்க் ஸ்விட்சும், கதவுப் பூட்டும் பேட்டரியில் ஓடின. கரண்ட் போனால் பூட்டு விட்டுவிடும் என்று நினைப்பீர்கள். ஒரு திருட்டுக்குப் பிறகு அதையும் பேட்டரியில் போட்டுவிட்டார்கள். அதற்கென்று தனி பேட்டரி, நாள் கணக்கில் தாங்கும். கம்ப்யூட்டருக்கு அப்படி இல்லை. யூபிஎஸ்ஸில் இருபது நிமிஷம் காட்டியது.

கதவைத் தட்டினேன். கத்தினேன். ஷெட்டில் தோல் தொங்கும் கொடிகளைத் தவிர யார் இருக்கிறார்கள் கேட்க?

அறை சூடேறியது. ஒரு நெடி வந்தது. மூக்கைக் கிழிக்கிற மாதிரி ஆசிட் நெடி. அங்கே ஆசிட் எதுவும் இல்லை. மேஜை, கம்ப்யூட்டர், நான், அவ்வளவுதான். என் நெஞ்சு இறுக ஆரம்பித்தது. எனக்கு அந்த இறுக்கம் சின்ன வயதிலிருந்தே தெரியும். பஃப் கேட்டில் இருக்கிறது.

பயந்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? செத்துப்போவேன் என்றே பயந்தேன்.

ஒரே வழிதான். சர்வரை ஃபேக்டரி நெட்வொர்க்கோடு சேர்த்துவிட்டால், இந்தப் பக்கத்திலிருந்தே கதவைத் திறக்கலாம். பேட்டரி தீர்வதற்குள்.

மெஷினின் நெட்வொர்க்கை மாற்றினேன். கதவுகளுக்குத் தெரிந்த பழைய முகவரியைக் கொடுத்தேன். கதவு இன்னும் இணையவில்லை. என்ன தகராறு என்று பார்க்க சர்வருக்கு வந்த அழைப்புகளின் பதிவைத் திறந்தேன்.

வரிசையாக வந்துகொண்டிருந்தது.

கதவு 3, உள்பக்கம், விரல், நிராகரிப்பு.

கதவு 3, உள்பக்கம், விரல், நிராகரிப்பு.

வெளியிலிருந்து எதுவும் வர முடியாதே. சர்வர் இன்னும் தன் குரலை மட்டும்தானே கேட்கிறது?

எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன்.

வெளியிலிருந்து வரவில்லை. சர்வரின் உள்ளேயிருந்தே வந்தது.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்."

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் விரல் வைத்து உள்ளே வரவில்லை. என் பேர் எதிலும் இல்லை. எனக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

அந்த ஒன்று நான் இல்லை.

நான் திரும்பவில்லை. திரையை மட்டும் பார்த்தேன். எல்லாருடைய அழைப்பையும் கேள் என்று சர்வருக்குச் சொன்னேன். ஃபயர்வாலில் வழி விட்டேன். சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட்டினேன்.

பீப்... பீப்... பீப்...

மூச்சு விசிலடித்தது. என் மூச்சு.

கூடவே இன்னொரு மூச்சு.

கதவு 3, பச்சை.

'திற' என்பதை அழுத்தினேன். யார் பேரில் என்று கேட்டது. உள்ளே இருப்பவர் பேரில் மட்டும்தான் திறக்குமாம். பட்டியலில் ஒரே பெயர்.

கோவிந்தசாமி.

மெஷின் ஓயாமல் கத்தியது. ட்ரை அகெய்ன்... ட்ரை அகெய்ன்... ட்ரை...

அழுத்தினேன்.

அமைதி.

"தேங்க் யூ."

டொக்.

நான் இன்னும் நாற்காலியில்தான் இருந்தேன்.

கதவு திறந்தது.

தானாக.

என்னைத் தாண்டி ஏதோ போனது...

ஓடினேன்.

கேட்டில் பையைக் கொட்டி பஃப்பை எடுத்து இழுத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன். பாய் வரும்போது மணி நாலரை. தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் ஒரு ஜனாஸா வந்துவிட்டதாம், அடக்கம் முடித்துவிட்டு வந்திருக்கிறார். கதவு பூட்டிக்கொண்டதைச் சொன்னேன். அது திறந்து கிடந்ததைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"சாவி என் பாக்கெட்ல கீது. நீ எப்டிமா வெளிய வந்த?"

ரயில்வே ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஹஃப்ஸா போன் செய்தாள். பேஜ் வருகிறது, ஆடிட் முடிந்தது, தேங்க்ஸ் அக்கா என்றாள்.

"ஹஃப்ஸா, கோவிந்தசாமின்னா யாரு?"

அவள் குரல் இறங்கியது.

"யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"சொல்லு."

மெல்லச் சொன்னாள். இரண்டு வருஷம் ஆகிறது. முடி உதிர தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர். ஊர் நாட்றம்பள்ளிப் பக்கம். அது ஒரு வியாழக்கிழமை.

"ஓவர்டைம் ஜாஸ்தின்னு ஆடிட்ல மாட்டக் கூடாது இல்ல கா. அதனால அஞ்சரைக்கி எல்லாருக்கும் மொத்தமா அவுட் போட்டுருவோம். ஆளுங்க எட்டு மணி வரைக்கும் உள்ள வேல பாப்பாங்க. எல்லா எடத்துலயும் அப்டி தான். அன்னிக்கி அவரு ஆசிட் கேன் எடுக்க ஸ்டோருக்குள்ள போயிருக்காரு. கதவு சாத்திக்கிச்சி. கேன் ஒண்ணு ஒழுகியிருக்கு."

"விரல் வெச்சிருப்பாரே."

"வெச்சாரு கா. எத்தன வாட்டி வெச்சாரோ. சுண்ணாம்புல வேல பாத்து அவருக்கு ரேகையே தேஞ்சி போச்சி. ரேக விழுந்திருந்தாலும் தெறந்திருக்காது. மெஷின பொறுத்தவரைக்கும் அவரு தான் அஞ்சரைக்கே போய்ட்டாரே. ராத்திரி அவங்க வீட்லேர்ந்து கேட்டுக்கு வந்து கேட்டாங்க. மெஷின்ல அவுட் காட்டுதுன்னு அனுப்பிட்டாங்க. வெள்ளி லீவு. சனிக்கிழம காலைல தான் தெறந்தாங்க. அன்னிக்கி அவுட் போட்டது நான் தான் கா."

நேற்று அவர் பேரில் கதவு திறந்ததைச் சொன்னேன்.

"அவரு பேர அப்பவே எடுத்துட்டோமே."

"பேஜ திறந்து பாரு."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"அவரு பேரு இல்ல கா. ஆனா எல்லாரும் போய்ட்டாங்க, இன்னமும் உள்ள ஒண்ணுன்னு காட்டுது."

"யாரு?"

"உங்க முழுப் பேரு... அக்சா தேவானந்தமா?"

என் அப்பா பேர் அந்த ஃபேக்டரியில் ஒருவருக்கும் தெரியாது.

"நேத்திலேர்ந்து காட்டுது. இன் இருக்கு, அவுட் இல்ல. யாரும் உங்க பேர ஏத்தல கா. ஒரு வாட்டி வந்து அந்த ரூம்ல விரல் வெச்சிட்டுப் போய்ட்டா சரியாயிடும்னு நெனைக்கிறேன்."

"வர மாட்டேன். என் பேர எடுத்துடு."

மறுபடியும் கீபோர்டு சத்தம். நின்றது. மறுபடியும்.

"எடுக்க முடியல கா," என்றாள். "உள்ள இருக்கறவங்கள நீக்க முடியாதுன்னு வருது."