நான் அழித்த இரண்டாவது பிரதி

எண்பதுகளின் நடுவில் செம்பூரில் ஒரு சின்ன கம்பெனியில் புரோகிராமராக இருந்தேன். தொழிற்சாலைக்காரர்கள் தாங்களே எழுதிக்கொள்ளும்படி எளிமையான ஒரு கணினி மொழியை உருவாக்கினோம். அதில் எழுதியதை இயக்க, கணினிக்குள் இன்னொரு கணினி மாதிரி ஒரு புரோகிராம் உண்டு. மெஷின் என்போம். அதை எழுதியவன் நான். மொழியின் ஃபங்ஷன்களை, அதாவது ஒவ்வொரு கணக்கையும் செய்துதரும் சிறு கட்டளைத் தொகுப்புகளை, எழுதியவர் என்னைவிட நாலு வயது மூத்த ஒரு பெண். தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர். அக்கா என்பேன்.

ஒவ்வொரு ஃபங்ஷனும் எத்தனை மதிப்புகளை வாங்கும், எங்கே தொடங்கும் என்ற விவரமெல்லாம் அக்காவின் அட்டவணையில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதில் தேட நேரமாகிறதென்று, அதே விவரத்தை மெஷினுக்குள் இன்னொரு பிரதியாக எழுதிவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. புதிய மெஷினை அக்காவுக்குக் கொடுக்கவும் இல்லை.

ஐரோலிப் பக்கம் ஒரு சாயத் தொழிற்சாலை. கலவை அளவைச் சொல்லும் ஃபங்ஷன் இரண்டு மதிப்புகளை வாங்கும். அவர்கள் கேட்டதால் அக்கா மூன்றாவதாக வெப்பநிலையைச் சேர்த்து, அட்டவணையையும் திருத்தினார். தன்னிடமிருந்த பழைய மெஷினில் ஓட்டிப் பார்த்தார், சரியாக வந்தது. நாங்கள் கொண்டுபோனது புதியதை. என் பிரதியில் இன்னும் இரண்டுதான்.

தொழிற்சாலை மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கையில், ஒரு வாளிச் சாயத்துக்கு ஒரு தொட்டி அளவு காட்டியது திரை. அப்புறம் உறைந்து நின்றது. கடைசியாகக் கைவைத்தது யார் என்று கூட வந்திருந்த எங்கள் முதலாளி இந்தியில் கேட்டார். நான்தான், சோதித்துவிட்டுத்தான் கொடுத்தேன் என்றார் அக்கா. முதலாளி கேட்கத் தயாராக இல்லை. எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. வாய் திறக்கவில்லை.

ஆபீஸ் திரும்பியதும், உள்ளறையில் அக்காவுக்குத் திட்டு விழுந்துகொண்டிருந்தபோது, என் பிரதியை எடுத்துவிட்டு மெஷின் அட்டவணையையே படிக்கும்படி செய்தேன். பத்துப் பதினைந்து வரிதான். அளவு சரியாக வந்தது. முதலாளி என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

வெளியே வந்த அக்கா கேட்டார்: "என்ன தம்பி மாத்துனிய?"

"ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் கிளீன் பண்ணினேன்."

"சரி" என்று மட்டும் சொன்னார்.

அவரைக் கையேடு தட்டச்சு செய்யும் வேலைக்கு மாற்றினார்கள். சில மாதங்களில் போய்விட்டார். விடைகொடுத்த அன்று நானும் நின்று கைதட்டினேன்.

இரண்டு வருடம் கழித்து ஆண்டாப் ஹில் பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். மறுபடி தயங்கினால் சொல்லவே மாட்டேன் என்று, நடந்ததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

"தெரியும் தம்பி. அன்னைக்குக் கொண்டுபோன ஃப்ளாப்பி எம் பையிலதான இருந்துச்சு. மறுநாளே போட்டுப் பாத்துட்டேன். எங்கிட்ட இருந்த மெஷின்ல சரியா வந்தது, அதுல வரல."

"அப்ப ஏன்க்கா முதலாளிகிட்ட சொல்லல?"

"நீங்களே சொல்லுவியன்னு இருந்தேன். ஒரு மாசம் பாத்தேன்."

குரலில் கோபமில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்றார்; புரோகிராம் எழுதுவதில்லையாம். மன்னிப்புக் கேட்க நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பஸ் வந்தது. "வாரேன் தம்பி" என்று கூட்டத்தோடு ஏறிவிட்டார். அதன்பின் அவரைப் பார்க்கவில்லை.