மொர்தெகாயின் கட்சிக்காரர்

“அம்மா, இவரையும் ஒரு பார்வை பார்த்துட்டுப் போங்க. இவரும் இங்கதான் இருக்காரு” என்று ரஹமிம் சொல்லிக்கொண்டிருக்கிறார். காதில் வாங்க ஆளில்லை. குள்ளமான கல் கதவுக்குள் குனிந்து நுழையும் பெண்கள் நிமிர்ந்ததும் நேராக எஸ்தர் ராணியிடம்தான் போகிறார்கள்.

ஈரானின் ஹமதான் நகரில் உள்ள அந்தக் கல்லறைக் கட்டடத்தில், செதுக்குவேலை செய்த இரண்டு மரப்பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, பாரசீக ராஜாவிடம் துணிந்து பேசி யூதர்களைப் படுகொலையிலிருந்து காப்பாற்றிய எஸ்தருக்கு. மற்றது, தாய் தகப்பனில்லாத அந்தச் சித்தப்பா மகளை எடுத்து வளர்த்த மொர்தெகாய்க்கு. ஊரில் இப்போது யூதக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். வேதத்தில் ஒரு வரிகூடப் படித்திராத முஸ்லிம் பெண்களும் குழந்தை வேண்டும், மகனுக்கு வேலை வேண்டும், மாமியார் திருந்த வேண்டும் என்று எஸ்தரிடம் வருகிறார்கள். மொர்தெகாயிடம் மாமியாரைப் பற்றி யாரும் முறையிட்டதில்லை. காவல்காரர் ரஹமிமால் இதைப் பொறுக்கவே முடியவில்லை.

பெண்கள் வெளியேறியதும் எஸ்தர் முன்னால் எரியும் மெழுகுவத்திகளில் பாதியை எடுத்து மொர்தெகாய் முன்னால் வைத்துவிடுவார். ஒரு நாள் கையுறையை மறந்துவிட்டுத் திரும்பி வந்த குர்திஷ்காரி ஒருத்தி பார்த்துவிட்டாள்.

“ஐயா, என் மெழுகுவத்தி ஏன் அங்க போச்சு?”

“ராணியேதான் குடுத்து விட்டாங்க, அண்ணனுக்கு.”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பையைத் திறந்து, ராணிக்குக் குறையாதபடி இன்னொன்றை ஏற்றிவிட்டுப் போனாள்.

வீட்டிலும் இதே வழக்குதான். மனைவி தாவூஸ் கோழிக்கறி உருண்டைகளைக் குழம்பில் போட்டுக்கொண்டே வாயைக் கிண்டுவாள்.

“உங்க ஆளு அப்படி என்னதான் பண்ணிட்டாரு?”

“என்ன பண்ணலன்னு கேளு. அவ பயந்தா. ராஜாகிட்ட போகமாட்டேன்னா. இவருதான் சொல்லி அனுப்பினாரு. வேதத்துல அந்தப் புத்தகத்துக்கு மட்டும் அவ பேரு.”

“கடைசி அதிகாரம் பூரா அவரப் பத்திதானே?”

“ஆமா. அதையாவது ஒத்துக்கிறியே.”

“அது மொத்தமே மூணு வரி” என்பாள் தாவூஸ். அன்று ரஹமிமுக்குச் சோறு இறங்காது.

இந்த ரோஷத்துக்குக் காரணம் ஊருக்கே தெரியும். ரஹமிமும் ஒரு சித்தப்பா மகளை வளர்த்தவர். பெயர் மஹ்நாஸ். பாலும் ரொட்டியும் ஊட்டி, காய்ச்சலில் தோளில் போட்டு நடந்து, ஆசிரியை ஆக்கினார். இப்போது கடைத்தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “மஹ்நாஸ் டீச்சரோட அண்ணன்தானே?” என்கிறார்கள். “ஏன், எனக்குப் பேரில்லையா?” என்று சிடுசிடுப்பார். முகமென்னவோ பூரித்துப் போயிருக்கும். அவள்தான் அவருக்கு உயிர்.

இரண்டு தரம் கலைந்து மூன்றாவதாகத் தரித்த கரு அவளுக்கு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, எனக்காக ராணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லு.”

“மொர்தெகாய்கிட்ட சொல்றேன். அவரு பேச்ச ராணி தட்டமாட்டா.”

“இன்னிக்குமா அண்ணா உன் கட்சி?” என்று வலியிலும் சிரித்தாள் மஹ்நாஸ்.

மத்தியானம் தாவூஸ் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கூப்பிட்டாள். “குழந்தை குறுக்க கெடக்குதாம். ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போயிட்டாங்க. டாக்டரம்மா முகமே சரியில்ல.”

“நான் வரேன்.”

“வந்து என்ன பண்ணப் போறீங்க? கதவுக்கு வெளியதான் நிக்கணும். அங்கேயே இருந்து உருப்படியா ஏதாவது செய்யுங்க.”

வெளியே பனி கொட்டியது. அன்று ஒருவரும் வரவில்லை. ரஹமிம் காலணியைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே போனார். மொர்தெகாய் முன்னால் போய் நின்றார்.

“பெரியவரே, உங்களுக்குத் தெரியாததில்ல. பொண்ண அரண்மனைக்குள்ள அனுப்பிட்டு, அவ எப்படி இருக்காளோன்னு தெனமும் வாசல்லயே நடந்தவரு நீங்க.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நடந்தீங்க, சரி. உள்ள போக முடிஞ்சுதா? முடியல. உள்ள என்ன நடக்குதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

பிறகு, “கோவிச்சுக்காதீங்க” என்று மெல்லச் சொல்லி, பெட்டிமேல் கிடந்த பட்டுத் துணியைத் தலைமாட்டுப் பக்கம் இழுத்து, முகத்தை மூடுவது போல நன்றாக மூடினார். ஓசைப்படாமல் அடுத்த பெட்டிக்கு நகர்ந்து அதன் விளிம்பில் நெற்றியை வைத்தார்.